மைக்கில் கோளாறு இல்லை

அந்த மாதத்தில் நான்காவது முறையாக அவன் ஆறாம் நடைமேடையில் ஏணியைச் சாத்தி ஏறினான். குழாய் ஸ்பீக்கரின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தான். போன வாரம் அவன் முறுக்கி வைத்த கம்பிகள் இரண்டும் ஒரு பொட்டுத் துரு இல்லாமல் அப்படியே இருந்தன. மறுபடியும் மூடிவிட்டு இறங்கினான். கீழே இரண்டு கனத்த பைகளோடு ஒரு பெண்மணி காத்திருந்தாள்.

“நீங்கதானே இதை ரிப்பேர் பண்றவரு?”

“ஆமாம்மா.”

“பதினெட்டுன்னு கேட்டுச்சு. எந்த மேடைன்னு கேக்கல. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். கண்ணு முன்னாடியே பஸ் போச்சு. அடுத்தது ரெண்டு மணி நேரம் கழிச்சுதானாம்.”

“சரி பண்ணிட்டேம்மா.”

“இதையேதான் போன வாரமும் சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு அவள் பையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பேருந்து நிலையத்தில் அவனை எல்லோரும் ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். மின்வேலை பார்க்கிறவன் என்பது பாதிக் காரணம். சட்டென்று எரிந்துவிடுவான் என்பது மீதி. மூன்று மாதமாக அவன் எரிவதற்குக் குறைவே இல்லை. மேலாளர் அறையிலிருந்து வரும் வேலைச்சீட்டுகள் அவன் பட்டறைச் சுவரில் ஆணியில் குத்தித் தொங்கின. மொத்தம் இருபத்து மூன்று. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ‘அறிவிப்பு கேட்கவில்லை.’ அவன் கேபிளை மாற்றினான். ஆம்ப்ளிஃபயரை மாற்றினான். மைக்கை இரண்டு முறை மாற்றினான். அறிவிப்பு கேட்கவில்லை.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அறிவிப்பாளர் அவனுடைய அக்காவின் கணவர். பத்தொன்பது வருடமாக அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது என்று சொல்லிவருகிறவர். கணீரென்ற குரல். நிலையத்துக்கு வெளியே காய்கறி விற்கிறவர்கள்கூட அவர் குரலைக் கேட்டு மணி சொல்வார்கள்.

ஃபியூஸ் படியேறி அறைக்குள் போனான். அவர் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. அவனைப் பார்த்தார். முகத்தில் வரவேற்பும் இல்லை, எரிச்சலும் இல்லை.

“அத்தான், ஸ்பீக்கர் நல்லா இருக்கு.”

அவர் ஏதோ சொன்னார்.

“என்ன?”

“மைக்குதான் சரியில்லன்னேன்.”

“போன மாசம்தான் புதுசு மாட்டினேன்.”

“அப்ப புதுசே கோளாறு.”

“கொஞ்சம் வாயைத் திறந்து பேசிப் பாருங்களேன்.”

“கத்திக்கிட்டுதான் இருக்கேன் மச்சான். தொண்டை வலிக்குது.”

அதை அவர் முணுமுணுப்பாகச் சொன்னார். கத்துவதாக ஒருவர் முணுமுணுப்பில் சொன்னால் கேட்கிறவனுக்கு அது கேலியாகத்தான் படும். அதுவும் சிரிக்காத முகத்தோடு சொன்னால் வேண்டுமென்றே செய்கிற கேலியாகப் படும். சிரிக்காத முகத்தையெல்லாம் கோப முகம் என்றே நாம் படித்துவிடுகிறோம். அதில் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்று இன்னொரு தடவை பார்க்கிற பொறுமை நமக்கு வருவதில்லை. ஃபியூஸுக்கும் வரவில்லை. அவன் கதவைச் சாத்திய சத்தம் மட்டும் மூன்றாம் மேடை வரை நன்றாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனான். குறை சொல்லலாம் என்றுதான் போனான். ஆனால் அக்கா அவனுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“டேய், உங்க அத்தான் என்னைக் காது டாக்டர்கிட்ட அனுப்பிட்டார்டா.”

“ஏன்?”

“அவர் பேசுறது எனக்குக் கேக்கலையாம். எனக்கு வயசாயிடுச்சாம். போனேன். எல்லா மிஷினும் வச்சுப் பார்த்துட்டு அந்த டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? உங்க காதுக்கு அடுத்த தெரு சண்டைகூடக் கேக்கும்மான்னார்.”

“கேக்கும்தான்.”

“சிரிக்காதடா. பழைய நாற்காலி ஒண்ணு வச்சிருந்தாரே, கால் உடைஞ்சது, அதைத் தூக்கிப் போட்டேன் பாரு, அதுலேருந்து இப்படித்தான். என்கூட முகம் குடுத்துப் பேசுறதில்ல. போன வாரம் பால் தீஞ்சு வீடெல்லாம் புகை. அடுப்புக்குப் பக்கத்துலயே நின்னு பேப்பர் படிக்கிறார். மூக்கு அடைச்சிருக்கான்னு கேட்டா இல்லையேங்கிறார். சட்டைப் பட்டன் போட கால் மணி நேரம். நான் வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கணும். எல்லாம் வேணும்னே.”

“நாற்காலிக்கா இவ்வளவும்?”

“இன்னும் கேளு. தூக்கத்துல என்னை உதைக்கிறார்டா. எழுப்பிக் கேட்டா, நாய் துரத்துச்சாம், அதை உதைச்சாராம். இருபத்தாறு வருஷத்துல என்னை ஒரு சொல் அதட்டாத மனுஷன். இப்ப நாய்ங்கிறார்.”

அடுத்த அறையிலிருந்து அவர் ஏதோ சொன்னார்.

“என்ன?” என்று அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“ஒண்ணுமில்ல” என்றார் அவர். அதுவும் பாதிதான் கேட்டது.

காது சரி என்று தெரிந்ததும் ஃபியூஸுக்கு ஒரு யோசனை வந்தது. மைக்கையும் இதேபோல ஒரு சோதனை செய்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. மதியம் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி வரை நிலையத்திலிருந்து எந்தப் பேருந்தும் கிளம்பாது. அந்த நேரத்தில் அக்கா சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். அத்தானை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அவளை மைக்கின் முன்னால் உட்காரவைத்தான். மைக்கைப் போட்டான்; சிவப்பு விளக்கு எரிந்தது.

“பேசுக்கா.”

“என்னடா பேசுறது?”

“மனசுல என்ன இருக்கோ அதைப் பேசு.”

அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். “வீட்டுல எண்ணெய் தீந்துபோச்சு. வரும்போது வாங்கிட்டு வாங்க. பத்து நாளா சொல்றேன்.”

பன்னிரண்டாம் மேடையின் கோடியில் நிழலில் படுத்திருந்த ஓட்டுநர் ஒருவர் எழுந்து, கேட்டுவிட்டது என்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். “எத்தனை லிட்டர் தங்கச்சி?” என்று இன்னொருவர் கீழேயிருந்து கத்தினார். நிலையமே சிரித்தது.

ஃபியூஸ் சிரிக்கவில்லை. இருபத்து மூன்று தடவை ஏணி ஏறிய கால்கள் அவனுக்கு அப்போதுதான் வலித்தன.

“மைக் சரி. காது சரி. கம்பி சரி. அப்ப ஒண்ணுதான் மிச்சம். நீங்க சோம்பேறி அத்தான். சம்பளத்தை வாங்கிக்கிட்டு முணுமுணுக்கிறீங்க. உங்களால நான் ஊர்க்காரங்ககிட்ட எல்லாம் பேச்சு வாங்குறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் கீழே எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அக்கா சட்டென்று மைக்கைக் கையால் பொத்தினாள். பொத்தி என்ன பயன். ஒவ்வொரு சொல்லும் பன்னிரண்டு மேடைகளுக்கும் கணீரென்று போய்ச் சேர்ந்திருந்தது. அவன் மாட்டிய மைக் அவ்வளவு நல்ல மைக்.

அவர் அவனைப் பார்த்தார். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. ஆனால் கண்களில் நீர் கட்டி நின்றது. கல்லைப் போன்ற முகத்திலிருந்து கண்ணீர் வருவதை ஃபியூஸ் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது.

சாயங்காலத்துக்குள் மேலாளரின் குறிப்பாணை வந்தது. பணியில் அசட்டை என்று புகார். மூன்று நாளுக்குள் சொந்தக் கையெழுத்தில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் அறிவிப்பு அறையிலிருந்து சாமான் அறைக்கு மாற்றம். பணிப்பதிவேட்டிலும் ‘அசட்டை’ என்ற சொல் ஏறும்.

ஃபியூஸ் மேலாளரிடம் ஓடினான். “நான் ஏதோ கோபத்துல சொன்னது சார்.”

“கோபத்துல சொன்னியோ எப்படிச் சொன்னியோ, ஊரே கேட்டாச்சு. நான் மட்டும் கேக்காத மாதிரி இருக்க முடியுமா? எனக்கும் மேல ஆள் இருக்கு.”

மூன்றாம் நாள் காலை அத்தான் ஃபியூஸின் பட்டறைக்கு வந்தார். அந்த மூன்று நாளும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

“மேலாளர்கிட்ட குடுத்துடு. அவர் முகத்துல முழிக்க என்னால முடியல.”

ஃபியூஸ் பிரித்துப் பார்த்தான். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்ற சொற்கள் பழைய அழகான கையெழுத்தில் இருந்தன. இரண்டாவது வரியில் எழுத்துகள் கொஞ்சம் ஒடுங்கின. நான்காவது வரியில் கடுகாயின. அதற்குக் கீழே எறும்பு வரிசை. ‘பத்தொன்பது வருடமாக’ என்பது வரை படிக்க முடிந்தது. அதற்கப்புறம் எதுவும் புரியவில்லை.

“என்ன அத்தான் இது, விளையாட்டா? வேலை போற நேரத்துல இப்படியா எழுதுவாங்க? பூதக்கண்ணாடியையும் சேர்த்துக் குடுங்க, அவர் படிக்கட்டும்.”

“நல்லாத்தானே எழுதியிருக்கேன்.”

“உக்காருங்க. என் முன்னாடி எழுதுங்க. பெரிசா.” ஒரு பழைய வேலைச்சீட்டைத் திருப்பிப் போட்டுப் பேனாவைக் கொடுத்தான். “தினமும் சொல்றீங்களே, ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’, அதையே பத்துத் தடவை எழுதுங்க.”

அவர் பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். மேசைமேல் வைத்த கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், ரொட்டித் துணுக்கு ஒன்றை உருட்டுவதுபோலத் தாமாகவே உராய்ந்துகொண்டிருந்தன. பேனாவைப் பிடித்ததும் அது நின்றது. எழுதினார். முதல் வரி பெரிதாக வந்தது. மூன்றாவது வரி சுருங்கியது. ஆறாவது வரியில் பேனா நகர்கிறதா என்றே தெரியவில்லை. நெற்றி வியர்த்தது. அவர் ஏமாற்றவில்லை என்பது அந்த வியர்வையில் தெரிந்தது.

“இப்ப பெரிசாத்தானே இருக்கு?” என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

ஃபியூஸ் அந்தத் தாளைப் பார்த்தபடி நின்றான். மேடை விளக்குகள் அவன் நினைவுக்கு வந்தன. கம்பி நீளமாக நீளமாக மின்னழுத்தம் இறங்கும். முதல் மேடையில் விளக்கு பளிச்சென்று எரியும். கடைசி மேடையில் அழுது வடியும். அதைப் பார்த்துவிட்டு யாரும் விளக்கைத் திட்டுவதில்லை. கம்பியில் என்ன என்று தேடிப் போவார்கள். அவன் வேலையே அதுதான். பதினெட்டு என்ற எண் எல்லோருக்கும் கேட்டது; கடைசியில் வரும் மேடை எண் யாருக்கும் கேட்கவில்லை. குரலும் கையெழுத்தும் ஒரே மாதிரி இறங்கியிருக்கின்றன. கடைசி விளக்கைப் போய்ச் சோம்பேறி என்று திட்டிவிட்டோமே என்று நினைத்தபடி அவர் எதிரே உட்கார்ந்தான்.

“அத்தான், நீங்க பேசுறது உங்க காதுக்கு எப்படிக் கேக்குது?”

“எப்பவும் போல. இப்ப இன்னும் கத்துற மாதிரி.”

“கை எத்தனை நாளா இப்படி?”

அவர் கையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். “ஏழெட்டு மாசம். உங்க அக்கா பயப்படுவான்னு சொல்லல.”

“அவ பயப்படல. நாற்காலிக்குப் பழி வாங்குறீங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கா.”

“எந்த நாற்காலி?” என்றார் அவர்.

ஃபியூஸ் அந்த விளக்கக் கடிதத்தை மேலாளரிடம் கொடுக்கவில்லை. இரண்டு நாள் தவணை மட்டும் கேட்டு வாங்கினான். அன்று மாலையே அக்காவையும் அத்தானையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனான்.

மருத்துவர் ஒரு நடுவயதுப் பெண். முதலில் அத்தானைத் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார். இடது கை வீசி வீசி வந்தது. வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. இருபத்தாறு வருடம் பக்கத்தில் நடந்தவளுக்கும், தினம் பார்க்கிற மைத்துனனுக்கும் அது அன்றுதான் கண்ணில் பட்டது. பிறகு கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒரு சோப்புக் கட்டியை மூக்கருகில் பிடித்தார்.

“என்ன வாசனை?”

“இன்னும் எதுவும் காட்டலையே டாக்டர்.”

மருத்துவர் சோப்பைக் கீழே வைத்தார். “வாசனை தெரியாம எவ்வளவு நாளா?”

“மூணு நாலு வருஷம் இருக்கும்.”

“நாலு வருஷமா?” என்றாள் அக்கா. “அப்ப நான் சமைச்சதையெல்லாம் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சாப்பிட்டீங்களே?”

“சூடா இருந்துச்சே” என்றார் அவர்.

மலச்சிக்கல் உண்டா என்று மருத்துவர் கேட்டார். அவர் சன்னலைப் பார்த்தார். “வாரத்துக்கு ரெண்டு நாள்தான் போறார், எழுதிக்குங்க” என்றாள் அக்கா. “ஏய்” என்றார் அவர். “டாக்டர்கிட்ட என்ன வெக்கம். தூக்கத்துல உதைக்கிறதையும் எழுதிக்குங்க டாக்டர். நாயாம்.”

மருத்துவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். உதையையும்.

“இதுல ஒவ்வொண்ணும் தனித்தனியா வந்தா யாருக்கும் ஒண்ணும் தோணாது. சேர்த்து வச்சுப் பார்த்தாத்தான் யோசிக்கணும். பார்க்கின்சன்ஸ்னு ஒரு நரம்பு நோய் இருக்கு. இது அதுதான்னு நான் சொல்லல. நரம்பு டாக்டர் பார்த்துச் சொல்லணும், பன்னெண்டு நாள்ல நேரம் வாங்கித் தர்றேன். அதுவா இருந்தா மாத்திரை இருக்கு, குரலுக்குப் பயிற்சி இருக்கு. ஆனா ஒண்ணை நானே சொல்லிடலாம். இது சோம்பலும் இல்ல, கோபமும் இல்ல.”

ஃபியூஸ் தரையைப் பார்த்தான். அக்கா கணவரின் கையைத் தேடிப் பைக்குள்ளேயே பிடித்துக்கொண்டாள். “சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல” என்றாள். எரிச்சலாகத்தான் சொன்னாள். ஆனால் கையை விடவில்லை.

மறுநாள் ஃபியூஸும் அத்தானும் மேலாளரின் அறைக்குப் போனார்கள். ஃபியூஸ் முந்திக்கொண்டு வாயைத் திறந்தான்.

“நான் பேசுறேன் மச்சான்” என்றார் அவர்.

அவர் பேசினார். மேலே மின்விசிறி தடதடத்தது. வெளியே பேருந்துகள் உறுமின. மேலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். இன்னும் சாய்ந்தார். பிறகு எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். சன்னலைச் சாத்தினார். தன் நாற்காலியை இழுத்துவந்து அவர் முட்டிக்கு முட்டி படுகிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“இப்ப சொல்லுங்க.”

மூன்று மாதமாக எல்லோரும் அவரை இன்னும் உரக்கப் பேசு, இன்னும் உரக்கப் பேசு என்று விரட்டினார்கள். ஒருவராவது ஒரு முழம் கிட்டே வந்து கேட்டிருக்கவில்லை. கடவுள் மனிதனுக்குப் பெரிய தர்மங்களைச் செய்யும் வசதியை எப்போதும் கொடுப்பதில்லை. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட எல்லோராலும் முடியும். ஃபியூஸுக்கு அது தோன்றாமல் போனதுதான் அன்று அவனை அதிகம் வருத்தியது.

மருத்துவர் கொடுத்தனுப்பிய கடிதத்தை மேலாளர் இரண்டு முறை படித்தார். “குறிப்பாணையைக் கிழிக்க முடியாது, பதிவாயிடுச்சு. இதையும் அதுகூடச் சேர்த்து வைக்கிறேன். நரம்பு டாக்டர் சொல்ற வரைக்கும் அந்தச் சொல் பதிவேட்டுல ஏறாது. இடமும் உங்களோடதுதான். ஆனா அதுவரைக்கும் ஜனங்க பஸ்ஸை விட்டா என்னைத்தான் திட்டுவாங்க. அதுக்கு வழி சொல்லுங்க.”

“மேடை எண்ணை முதல்ல சொல்லட்டும் சார்” என்றான் ஃபியூஸ். “முதல் ரெண்டு வார்த்தை நல்லா கேக்குது. அதுலயே விஷயம் முடிஞ்சுடணும். சொல்லிட்டு நிறுத்தி மூச்சு வாங்கட்டும். அப்புறம் இன்னொரு தடவை.”

“அப்ப கனிவான கவனம்?” என்று அத்தான் கேட்டார்.

“அது வேணாம்.”

“பத்தொன்பது வருஷமா சொல்றேன். எடுத்த எடுப்புல எண்ணைச் சொன்னா மரியாதையா இருக்குமா?”

“பஸ்ஸை விடுறதுதான் மரியாதையா?”

“கடைசியில நன்றியாவது சொல்லுவேன்.”

“அது யாருக்கும் கேக்காது அத்தான்.”

“கேக்காட்டி என்ன. நான் சொல்லுவேன்.”

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நன்றி இருக்கட்டும்” என்றார்.

வெளியே வந்ததும் ஃபியூஸ் படியில் நின்றான். இரண்டு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னான். “அத்தான், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மைக்குல சொன்னேன். மைக்குலயே மன்னிப்பும் கேட்டுடறேன்.”

“வேண்டவே வேண்டாம்” என்றார் அவர். “உனக்கு மைக்கே வேண்டாம் மச்சான். நீ ஏணியோட இரு.”

முகம் சிரிக்கவில்லை. ஆனால் அது சிரிப்புதான் என்று ஃபியூஸுக்கு இந்தத் தடவை தெரிந்தது.

அடுத்த நாள் காலை அவன் இரண்டாம் மேடையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.

“ஏழாம் மேடை. பதினெட்டு.” ஓர் இடைவெளி. மறுபடியும், “ஏழாம் மேடை. பதினெட்டு.” முன்போலக் கணீரென்று இல்லை. ஆனால் கேட்டது. ஆட்கள் ஏழாம் மேடைப் பக்கம் நகர்ந்தார்கள்.

பக்கத்தில் ஒரு பெட்டியோடு நின்ற பெரியவர் உச்சுக்கொட்டினார். “முன்னெல்லாம் எவ்வளவு மரியாதையா கூப்பிடுவாங்க. இப்ப ஏதோ ஏலம் போடுற மாதிரி ரெண்டு தடவை. யார்ப்பா உள்ள உக்காந்திருக்கறது? தூங்கி எழுந்து வந்தவனா?”

ஃபியூஸுக்குச் சுருக்கென்று கோபம் தலைக்கேறியது. என்னவெல்லாமோ வாயில் வந்தது. நரம்பு டாக்டரைப் பார்க்கக் காத்திருக்க வேண்டிய பன்னிரண்டு நாளில் இரண்டு போயிருந்தன. இன்னும் பத்து இருந்தன. அந்தப் பத்து நாளும் இப்படி ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும். இவனுக்கே தெரியவில்லையே.

“உங்களுக்குப் பதினெட்டா ஐயா?”

“ஆமா.”

“பெட்டியைக் குடுங்க. ஏழு அந்தப் பக்கம்.”

பெட்டி நல்ல கனம். ஏழாம் மேடை வரை பெரியவர் குறை சொல்லிக்கொண்டே வந்தார். ஃபியூஸ் அவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, கேட்டுக்கொண்டே நடந்தான்.